பழவங்காடியும் முதற்சோறும்: திருவனந்தபுரத்துச் சோறூண் சடங்கு – ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

தாய்ப்பாலை மட்டுமே அறிந்த குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டும் நாள், தென்னிந்தியக் குடும்பங்களில் ஒரு மங்கல நாளாகப் போற்றப்படுகிறது. வடமொழியில் அன்னப்பிராசனம் என்றும், மலையாளத்தில் சோறூண் என்றும், தமிழில் சோறூட்டல், அமுதூட்டல் என்றும் இது வழங்கும். சடங்கு நூலார் இதனைச் சமயக் கடனாகவும், மருத்துவர் உணவு மாற்றத்தின் தொடக்கமாகவும் கருதுவர். இவ்விரு நோக்குகளுக்கும் இடையே சமூக வரலாற்று நோக்கு ஒன்றுண்டு. முதற்கவளத்தை யார் ஊட்டினர், எங்கு ஊட்டினர், எந்தத் தானியத்தை ஊட்டினர், எவருக்கு அது மறுக்கப்பட்டது ஆகிய வினாக்கள் அந்நோக்கில் எழுவன.

இவ்வினாக்களை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் கோட்டைக்குக் கிழக்கேயுள்ள பழவங்காடியும் அதன் சுற்றுப்புறமும் தக்க களமாக அமைகின்றன. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இப்பகுதியில் கோயில், அங்காடி, படை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. நாஞ்சில் நாட்டு நெல்லும் கடல்கடந்து வந்த அரிசியும் குவிந்ததும் இங்கேயே. குழந்தையின் இலையில் விழும் ஒரு பிடிச் சோற்றுக்குப் பின்னால் இயங்கிய சமூக ஆற்றல்களை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாய்வு

சோறூண் என்பது சோறு, ஊண் என்னும் இரு சொற்களின் கூட்டு. இரண்டும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. ஊண் என்பது உண் என்னும் வினையடியாகப் பிறந்து, உண்ணுதலையும் உணவையும் குறிக்கும். திருக்குறளிலும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. தமிழ் வழக்கில் நிலைத்த சோறூட்டல் என்பதோ ஊட்டு என்னும் பிறவினையிலிருந்து பிறந்தது.

இவ்வேறுபாடு கருதத்தக்கது. மலையாளப் பெயரில் உண்ணும் குழந்தை வினைமுதலாக நிற்கிறது. தமிழ்ப் பெயரில் ஊட்டுபவர் வினைமுதலாகிறார். ஒரே நிகழ்வை ஒருமொழி குழந்தையின் செயலாகவும், உடன்பிறந்த மற்றொரு மொழி பெரியோரின் செயலாகவும் பெயரிட்டுள்ளன. முதற்சோறு குழந்தை பெறும் உரிமையா, பெரியோர் அளிக்கும் கொடையா என்னும் வினாவுக்கு இப்பெயர்கள் இரண்டும் இருவேறு விடைகளைத் தருகின்றன எனலாம்.

பழவங்காடி என்னும் இடப்பெயரின் பிற்பகுதி ஐயத்துக்கு இடமற்றது. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் நாளங்காடி, அல்லங்காடி எனக் குறிக்கும் அங்காடியே அது. முற்பகுதியைப் பழமை எனக் கொண்டு பழைய அங்காடி என்பாரும், பழம் எனக் கொண்டு கனி விற்ற அங்காடி என்பாரும் உளர். எவ்வாறாயினும் உணவுப் பொருள் வாணிகத்தோடு தொடர்புடைய பெயர் இது என்பது தெளிவு.

வடநூல் மரபு

கிருகிய சூத்திரங்கள் அன்னப்பிராசனத்தை இல்லறச் சடங்குகளுள் ஒன்றாக வைத்துப் பேசுகின்றன. ஆசுவலாயன கிருகிய சூத்திரம் ஆறாம் மாதத்தை விதிக்கிறது. உணவு வளம் வேண்டுவோர் ஆட்டிறைச்சியையும், வேதப்பொலிவு வேண்டுவோர் கௌதாரி இறைச்சியையும், ஒளி வேண்டுவோர் நெய்ச்சோற்றையும் ஊட்டலாம் என்று கூறி, தயிரும் தேனும் நெய்யும் கலந்த சோற்றையும் அது குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் முழுமையான சைவ உணவுச் சடங்காக நிலைபெற்ற ஒன்று, தொடக்கத்தில் அவ்வாறு இருக்கவில்லை என்பது இதனால் புலனாகும். பெண் குழந்தைக்கு இச்சடங்கை மந்திரமின்றிச் செய்ய வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. மனுநூலும் நான்காம் மாதத்தில் குழந்தையை வீட்டுக்கு வெளியே கொணர்தலையும் ஆறாம் மாதத்தில் சோறூட்டலையும் கூறுகிறது.

மருத்துவ நூல்களுள் சுசுருத சங்கிதை ஆறாம் மாதத்தில் எளிதில் செரிக்கும் இதமான உணவைத் தருமாறு கூறுகிறது. குழந்தை மருத்துவத்துக்கெனவே எழுந்த காசியப சங்கிதை ஒருபடி மேலே சென்று, ஆறாம் மாதத்தில் கனியூட்டலையும் அதன்பின் சில மாதங்கள் கழித்துச் சோறூட்டலையும் தனித்தனியே வைக்கிறது. சடங்கு நூல்கள் ஒரே நாளைக் குறிக்க, மருத்துவ நூல் ஒரு படிமுறையைக் குறிக்கிறது. இவ்வேறுபாடு இக்காலத்துக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

வழக்கில் ஆண் குழந்தைக்கு ஆறு, எட்டு போன்ற இரட்டைப்படை மாதங்களையும், பெண் குழந்தைக்கு ஐந்து, ஏழு போன்ற ஒற்றைப்படை மாதங்களையும் தேர்ந்தெடுப்பர். ஆறாம் மாதம் என்பது நடப்பு மாதமா, நிறைந்த மாதமா என்னும் ஐயமும் இங்கு எழுகிறது. நடப்பு மாதமாகக் கணக்கிட்டால் ஆறாம் மாதம் ஏறத்தாழ 150 நாள்களில் தொடங்கிவிடும். நிறைந்த ஆறு மாதம் என்றால் 180 நாள்களாகும். பெண் குழந்தைக்கு ஐந்தாம் நடப்பு மாதத்தைக் கொண்டால் 120 நாள்களிலேயே சோறு தொடங்கும். ஏழாம் மாதத்தைக் கொண்டால் ஆண் குழந்தையைவிட ஒரு மாதம் தாழ்க்கும். சொல்லளவில் சிறிதாகத் தோன்றும் இக்கணக்கு, குழந்தையின் உடலளவில் சிறிதன்று.

தமிழ் இலக்கிய மரபு

தமிழ் இலக்கியத்தில் குழந்தை உணவு உண்ணும் காட்சி சடங்காக அன்றி இன்பமாகவே முதலில் பதிவாகியுள்ளது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடல், குறுகுறு நடையிட்டு வந்து சிறுகை நீட்டி, கலத்திலுள்ள நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடலெங்கும் சிதறிக்கொள்ளும் குழந்தையை வருணிக்கிறது. அத்தகைய மக்களைப் பெறாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்பது அம்மன்னனின் கருத்து. திருக்குறளின் 64ஆம் குறளும் குழந்தையின் சிறிய கை அளைந்த கூழை அமிழ்தினும் இனியதாகக் கூறுகிறது.

இவ்விரு பாடல்களிலும் இரு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, இரண்டிலும் குழந்தை தானே கைநீட்டி உணவைத் தொடுகிறது, ஊட்டப்படுவதாகக் கூறப்படவில்லை. இரண்டாவது, மன்னன் பாடலில் நெய்ச்சோறும் குறளில் கூழும் இடம்பெறுகின்றன. செல்வர் இல்லத்து உணவும் எளியோர் இல்லத்து உணவும் குழந்தையின் கை பட்ட அளவில் ஒரே மதிப்பை அடைகின்றன.

தொல்காப்பியப் புறத்திணையியல் குழவியைப் பாடுபொருளாக ஏற்றுக்கொள்ள, பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலார்க்கும் பொதுவான பருவங்கள். செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும் தாலை ஏழாம் மாதத்துக்கும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் உரியனவாகக் கூறுவர். பத்துப் பருவ வைப்பில் சோறூட்டலுக்கெனத் தனிப்பருவம் அமையவில்லை. நிலவைக் காட்டிச் சோறூட்டும் தாயர் வழக்கு நாடெங்கும் இருந்தும், அம்புலிப் பருவம் நிலவைக் குழந்தையுடன் விளையாட அழைப்பதாகவே அமைந்தது.

ஆயினும் ஆறாம் மாதம் என்பது செங்கீரைக்கும் தாலுக்கும் இடைப்பட்ட காலமாகும். ஒருகாலை மடக்கி, ஒருகாலை நீட்டி, இருகை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. தால் என்பது நாவைக் குறித்து நின்று தாலாட்டாயிற்று. கழுத்து உறுதியாக நிற்றல், தாங்கலுடன் உட்காருதல், வாயில் வைத்ததை நாவால் வெளியே தள்ளும் இயல்பு மறைதல் ஆகியவற்றையே திட உணவுக்குக் குழந்தை ஆயத்தமானதன் அறிகுறிகளாக இக்கால மருத்துவர் கொள்கின்றனர். பாட்டியலார் மருத்துவ நோக்கில் பருவங்களை வகுத்தாரல்லர். எனினும் குழந்தையின் வளர்ச்சியை நாள்கோள் கொண்டு மட்டும் அளவாது, உடலசைவு கொண்டும் அளந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பழவங்காடி: இடமும் நெல்லும்

திருவிதாங்கூரின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அப்போது பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வழிபட்டு வந்த கணபதி திருமேனியும் படையுடன் வந்து பழவங்காடியில் நிலைபெற்றது என்பது கோயில் வரலாறு. திருவிதாங்கூர்ப் படை இந்தியத் தரைப்படையுடன் இணைந்தபின் கோயிலின் பொறுப்பு மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தது. இன்றளவும் படையினரின் பொறுப்பிலுள்ள இக்கோயிலில் தேங்காய் உடைத்தலே முதன்மையான நேர்ச்சை. கணபதியின் பழைய இருப்பிடமான பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. இரு மாநிலங்களின் வரலாறு ஒரு திருமேனியின் பயணத்தில் பிணைந்திருப்பதை இதில் காணலாம்.

பழவங்காடியை அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவை உருவாக்கியவர் திவான் ராஜா கேசவதாசர். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து வரும் விளைபொருள்கள் கரமனையைக் கடந்து இக்கடைத்தெரு வழியாகவே கோட்டையை அடைந்தன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில் நாட்டின் நெல்லோடு தமிழ் வணிகரும் வந்து இப்பகுதியில் குடியேறினர். கோட்டைக்குள் தமிழ் அந்தணரின் அக்கிரகாரத் தெருக்கள் அமைந்தன.

இவ்வாறு ஒரே வட்டாரத்தில் பலவகை முதற்சோற்று மரபுகள் அருகருகே வாழ்ந்தன. தமிழ் அந்தணர் இல்லங்களில் தந்தை வேள்வி வளர்த்து மந்திரத்துடன் ஊட்டினார். மருமக்கள்வழியைப் பின்பற்றிய நாயர் தறவாடுகளில் தாய்வழி மூத்தவரான காரணவரே குடும்பத் தலைவர். முதற்கவளம் ஊட்டும் சிறப்பும் அவருக்கு இருந்தது. தமிழ்க் குடும்பங்களில் தாய்மாமன் மடி முதன்மை பெற்றது. காரணவரும் தாய்மாமனும் உறவுமுறையில் ஒருவரே என்பதை நோக்க, சோறூணும் சோறூட்டலும் பெயரால் வேறுபட்டாலும் தாயின் உடன்பிறந்தானை நடுவாகக் கொண்ட ஒரே அமைப்பின் இரு வடிவங்கள் எனக் கருதலாம்.

இவ்வமைப்பு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறத் தொடங்கியது. 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டமும் 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் தறவாட்டுச் சொத்தைப் பிரிக்கவும் தந்தையின் உடைமை மக்களைச் சேரவும் வழிவகுத்தன. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எள்ளி நகையாடிய பழைய முறை இதனால் தளர்ந்தது. உடைமையில் தந்தைக்கு உரிய இடம் கிடைத்தபின் சடங்கிலும் அவர் இடம் பெற்றார். இன்று சோறூண் நிகழும் இடங்களில் தந்தை, தாய்மாமன், பாட்டன், பாட்டி ஆகியோர் அடுத்தடுத்து ஊட்டுவது இம்மாற்றத்தின் பயனாகும்.

சோறும் சாதியும்

திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் அந்தணர்க்கு விலையின்றி உணவு வழங்கப்பட்டது. ஆறாண்டுகளுக்கு ஒருமுறை பத்மநாபசுவாமி கோயிலில் நிகழும் முறைஜபத்தின்போது இவ்விருந்து பெருகியது. ஆனால் அந்நெல்லை விளைவித்த உழவுத் தொழிலாளர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் உரிமையற்றிருந்தனர். அய்யங்காளி 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றதும், 1924–25இல் வைக்கத்தில் நிகழ்ந்த அறப்போரும் இத்தடையை எதிர்த்த நிகழ்ச்சிகளாகும்.

இந்நிலையில் முதற்சோறு அனைவர்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை. உயர்சாதிக் குழந்தைக்கு வெள்ளிக்கிண்ணத்தில் நெய்ச்சோறு; கூலியாக நெல் பெற்ற தொழிலாளியின் குழந்தைக்குத் தாயின் கஞ்சியில் ஒரு பங்கு. நாள் பார்த்தலும் விருந்தும் வசதி உடையார்க்கே இயன்றன. கோயிலில் வைத்துச் சோறூட்டுதல் என்பது கோயிலுக்குள் நுழைய உரிமை பெற்றோரின் எல்லைக்குள் அடங்கியது.

1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் இவ்வெல்லையைத் தகர்த்தது. அரசின் ஆட்சிக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட கோயில்களில் பிறப்பால் இந்துவாகிய எவரும் நுழையலாம் என்பது அதன் சாரம். 1937 சனவரியில் காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்து, புதிதாக உரிமை பெற்றோருடன் கோயில்களுக்குச் சென்றார். சோறூண் நேர்ச்சைக்குப் பெயர்பெற்ற குருவாயூர்க் கோயிலோ அப்போது சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. அங்கு 1931–32இல் கோயில் நுழைவு அறப்போர் நிகழ்ந்தும், கோயில் அனைத்துச் சாதியார்க்கும் திறக்கப்பட்டது 1947இல்தான்.

கோயில் நுழைவு வரலாற்றை எழுதுவோர் வழிபாட்டுரிமையையே முதன்மையாகப் பேசுவர். அதனோடு இணைத்து நோக்க வேண்டியது குழந்தையின் சடங்குரிமை. கிருகிய சூத்திரம் என்னும் பெயரே உணர்த்துமாறு, அன்னப்பிராசனம் இல்லத்தில் நிகழ்வது. இல்லச் சடங்கைத் தமக்கெனச் செய்துகொள்ளப் புரோகிதரும் வசதியும் அற்றிருந்த குடும்பங்களுக்கு, திறக்கப்பட்ட கோயில் ஒரு பொது இல்லமாயிற்று. சிறு கட்டணத்தில், ஒரு வாழையிலையில், சோறும் பாயசமும் பழமும் வைத்து எவர் குழந்தைக்கும் ஊட்டலாம் என்ற நிலை உருவாயிற்று. சோறூண் இல்லத்திலிருந்து கோயிலுக்குப் பெருமளவில் நகர்ந்ததற்கு இவ்வுரிமைப் பரவல் முதன்மையான காரணங்களுள் ஒன்று எனக் கருத இடமுண்டு. சடங்கின் வளர்ச்சி என்று மேற்போக்காகத் தோன்றுவது, உண்மையில் சமத்துவத்தின் வளர்ச்சியாகவும் அமைந்தது.

அரிசித் தட்டுப்பாடும் மரவள்ளியும்

உரிமை கிடைத்த ஆறாண்டுகளுக்குள் அரிசி கிடைக்காத நிலை தோன்றியது. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்குப் பர்மா முதலிய நாடுகளை நம்பியிருந்தது. தென்னை, மிளகு, ரப்பர் போன்ற பணப்பயிர்கள் பரவப் பரவ இச்சார்பு மிகுந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. 1943–44இல் திருவிதாங்கூரில் நிலவிய உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றிக் கே.ஜி. சிவசுவாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. அக்காலத்தில் வங்கப் பஞ்சம் உலகறிந்த செய்தியாக, திருவிதாங்கூரின் துயரம் அவ்வளவில் அறியப்படாமற் போயிற்று.

அரிசியின் இடத்தை மரவள்ளிக்கிழங்கு நிரப்பியது. 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கின் பயிரை நாட்டில் பரப்பியவர். பசி தீர்ப்பதில் அது மக்களுக்குப் பேருதவி புரிந்தது. ஆனால் குழந்தை உணவு என்ற நோக்கில் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுப் பட்டியலின்படி 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 6.8 கிராம் புரதம் இருக்க, அதே அளவு மரவள்ளியில் 0.7 கிராமே உள்ளது. மீனுடன் சேர்த்துண்ணும் பெரியவர்க்கு இக்குறை ஓரளவு ஈடாகும். கிழங்கை மட்டும் மசித்துக் கொடுக்கப்பட்ட குழந்தைக்கு ஈடாகாது.

தாய்ப்பால் குறைந்து மாவுணவே மிஞ்சும்போது குழந்தைக்கு வரும் நோயை 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில் கண்டு உலகுக்கு அறிவித்தவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். அதற்கு அவர் வழங்கிய குவாஷியார்க்கர் என்னும் பெயர், அந்நாட்டின் கா மொழியில் அடுத்த குழந்தை பிறந்ததால் இடமிழந்த குழந்தையின் நோயைச் சுட்டுவது. தமிழில் இக்கருத்துக்கு நெடுங்காலமாகவே ஒரு சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றமையால் பால் குன்றி மெலிந்த பிள்ளையைச் சவலை என்பர். கடல்களால் பிரிந்த இரு மொழியினர் ஒரே துயரத்தை ஒரே காரணத்தால் பெயரிட்டிருப்பது வியப்பிற்குரியது. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சி. கோபாலனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950களில் இந்நோயைத் தென்னிந்தியக் குழந்தைகளிடம் ஆராய்ந்தனர். அவ்வாய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

கூழும் குறுக்கும்

சடங்கின் முதற்சோறு அரிசியே ஆயினும், அன்றாட முதலுணவு பெரும்பாலும் அரிசியாக இருக்கவில்லை. தமிழகத்தில் கேழ்வரகு எனவும் மலையாள நாட்டில் கூவரகு, பஞ்ஞப்புல்லு, முத்தாறி எனவும் வழங்கும் தானியமே இருநாட்டுத் தாயரின் நம்பிக்கைக்கு உரியதாக இருந்தது. கேழ்வரகு, கூவரகு ஆகிய இரண்டிலும் வரகு என்னும் சொல் நிற்பது இவற்றின் உறவைக் காட்டும். தானியத்தை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்து, கருப்பட்டி சேர்த்துக் கிண்டிக் காய்ச்சுவர். மலையாளத்தில் இதனைக் குறுக்கு என்பர். குறுகக் காய்ச்சுதல் என்பதே சொற்பொருள். குன்னன் வாழைக்காயையும் ஏத்தங்காயையும் சீவி உலர்த்திப் பொடித்துக் காய்ச்சும் குறுக்கும், கூவைக்கிழங்கு மாக்கூழும் தென்திருவிதாங்கூரில் பரவலாக வழங்கின. தமிழ் இல்லங்களில் குழைந்த பருப்புச் சோறும் நெய்யும் இவற்றின் இடத்தில் இருந்தன.

உணவோடு மருந்தும் சென்றது. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லா மருந்து என்றும் தமிழர் அழைத்தனர். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு முதலியவற்றைக் கல்லில் உரைத்துப் பாலாடையில் புகட்டும் உரைமருந்து பழவங்காடியை அடுத்த சாலைக் கடைகளில் கிடைக்கும் எளிய சரக்குகளால் ஆனது. மலையாள நாட்டில் பொன்னையும் வசம்பையும் உரைத்து நாவில் தடவும் வழக்கம் இருந்தது. புதிய உணவு செரியாமல் வரும் நோயை மாந்தம் என்று வகைப்படுத்திய சித்த மருத்துவம், உணவு மாற்றக் காலமே குழந்தையின் இடர்க்காலம் என்பதை அறிந்திருந்தது.

இம்மரபுணவுகளை ஒரே தன்மையாக மதிப்பிடுதல் பொருந்தாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 100 கிராம் கேழ்வரகுக்கு 344 மில்லிகிராம் சுண்ணச்சத்து காட்டப்பட்டுள்ளது; அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கூவை மாவோ பெரும்பாலும் மாவுச்சத்தே. நீர்த்த கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. தானியத்தை முளைகட்டி உலர்த்தி அரைப்பதால் கூழின் கெட்டித்தன்மை குறைந்து, சிறிதளவிலேயே மிகுந்த ஆற்றல் கிடைக்கிறது. குழந்தையின் வயிறு சிறியது என்பதால் இது பெரிதும் பயன்தரும் முறையாகும்.

மருத்துவ அறிவும் அரசின் பணியும்

திருவனந்தபுரத்தில் மகப்பேற்று மருத்துவத்தை மக்களிடம் கொண்டுசென்றவர்களுள் தலையானவர் மேரி புன்னன் லூக்கோஸ். 1916இல் தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்ற அவர், பின்னர்த் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அலுவலராகவும் உயர்ந்தார். 1951இல் மருத்துவக் கல்லூரியும், அடுத்த ஆண்டில் தாய்மார்க்கும் குழந்தைகளுக்குமான அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் தோன்றின.

மருத்துவ உலகமும் முதலுணவுக்குரிய வயதில் எப்போதும் ஒரே கருத்தைக் கொண்டிருக்கவில்லை. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்பதே நெடுங்காலப் பரிந்துரை. 2001இல்தான் உலக நலவாழ்வு நிறுவனம் நிறைந்த ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என வரையறுத்தது. அதன்பின் தாய்ப்பாலுடன் ஆறு முதல் எட்டு மாதம் வரை நாள்தோறும் ஏறத்தாழ 200 கிலோகலோரியும், ஒன்பது முதல் பதினொன்று வரை 300ம், பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று வரை 550ம் பிற உணவிலிருந்து தேவை என மதிப்பிடப்படுகிறது. 2023இல் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பலவகை உணவுகளையும் நாள்தோறும் விலங்குணவையும் பரிந்துரைத்து, சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளை விலக்குகிறது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதும் இன்றைய மருத்துவ முடிவு. தேனிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதே காரணம். சூத்திர நூல் கூறிய தேனை விடுதல் மரபுக்கு இழுக்காகாது. அந்நூல் கூறிய இறைச்சியை மரபே முன்னர் விட்டுவிட்டது.

வணிக நோக்கில் பரவிய புட்டிப்பாலும் பெட்டி உணவும் மற்றொரு சிக்கலை உருவாக்கின. 1981இல் உலக அளவில் விற்பனை நெறிமுறை உருவாயிற்று. இந்தியாவில் 1992இல் குழந்தைப்பால் மாற்றுப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்டது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆகியன முதலுணவை அரசின் கடமையாக்கின. தமிழ்நாட்டின் சத்துமாவும், கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுவினர் அரைத்து அங்கன்வாடி வழியாக ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வழங்கும் அமிர்தம் மாவும் இவ்வழியில் வந்தவை. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை ஆகியன அமிர்தத்தின் கூறுகள். அமுதூட்டல் என்னும் பழஞ்சொல் அரசு உணவுப் பொதியின் பெயரில் மீண்டும் உயிர்பெற்றுள்ளது.

2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைப்படி இந்தியாவில் ஆயிரம் பிறப்புகளுக்கு 25 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறக்க, கேரளத்தில் அது 5 ஆகக் குறைந்துள்ளது. ஆயினும் உயிர் காத்தல் வேறு, உணவூட்டல் வேறு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் தாய்ப்பாலுடன் திட அல்லது குழைந்த உணவு பெறுவோர் 45.9 விழுக்காட்டினரே. ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளுள் போதிய உணவு பெறுவோர் 11 விழுக்காட்டளவினரே. சோறூட்டும் நாளைக் கொண்டாடும் நாட்டில் அதன் மறுநாள் என்ன நிகழ்கிறது என்னும் வினாவை இப்புள்ளிகள் எழுப்புகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சோறூணும் சோறூட்டலும் தமிழ், மலையாள நாடுகளின் பொதுச் சொத்து. தாய்வழி உறவை நடுவாகக் கொண்ட அவற்றின்மீது வடநூல் மரபு பின்னர்ப் படிந்தது எனக் கருதலாம். இரண்டாவதாக, கோட்டைப்புறத்தில் இச்சடங்கு பொதுமையடைந்ததற்குச் சமய ஆர்வம் மட்டுமன்றி, 1936இன் உரிமைப் பிரகடனமும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த போராட்டங்களும் காரணமாயின. மூன்றாவதாக, சடங்குரிமை பரவிய அதே தலைமுறையில் அரிசி அரிதாயிற்று. ஆகவே உரிமையின் வரலாற்றை உணவின் வரலாற்றோடு இணைத்தே எழுத வேண்டும்.

நான்காவது கருத்து இன்றைய வாழ்வுக்கு உரியது. சடங்கு ஒரு நாளைக் குறிக்கிறது. குழந்தைக்குத் தேவையானது அந்நாளில் தொடங்கி இரண்டாண்டு நிறையும்வரை தொடரும் ஊட்டம். நாள் பார்த்து 150ஆம் நாளில் நாவில் வைக்கும் ஒரு பருக்கையால் பெருந்தீங்கு விளையாது. அதையே தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொண்டாலும், நல்ல நாளை எதிர்நோக்கி எட்டாம் மாதம் வரை உணவைத் தள்ளிப்போட்டாலும் தீங்கு விளையும். கனியையும் சோற்றையும் காலமுறைப்படி பிரித்து வைத்த காசியபரின் படிமுறையும், குழந்தையின் சிறுகைக்கு உரிய இடத்தை அளித்த அறிவுடை நம்பியின் பாடலும் இவ்வகையில் இன்றைய அறிவுக்கு அண்மையில் நிற்கின்றன.

பழவங்காடியில் தேங்காய் உடைத்து நன்செயல்களைத் தொடங்குவது இந்நகர மக்களின் வழக்கம். சோறூணும் அத்தகைய ஒரு தொடக்கமே. தொடங்கியது தொடர்வதற்கு வீட்டில் பருப்பும் பயறும் மீனும் முட்டையும் கீரையும், தாய்க்குச் சற்று ஓய்வும் வேண்டும். கோயில்வாயில் அனைவர்க்கும் திறந்தாயிற்று; அனைத்துக் குழந்தைகளின் கலத்தையும் நிரப்புவதே எஞ்சியிருக்கும் பணி.